சேலத்திலிருந்து ஓர் இசைச் சிறுபத்திரிகை: முதல் இதழ் கைக்கு வரும் வரை முழுமையான வழிகாட்டி

சினிமாப் பாட்டைப் பற்றி எழுத ஆட்களுக்குப் பஞ்சமில்லை. டீசர் வந்தால் செய்தி, பாட்டு வந்தால் செய்தி, பாட்டு வரப்போகிறது என்றாலும் செய்தி. ஆனால் அம்மாபேட்டையில் தறி ஓடாத நாளில் மாடி அறையில் கூடி மெட்டல் வாசிக்கும் பையன்களைப் பற்றி எழுத ஆள் இல்லை. ஆடி மாதம் குகை என்ற பேட்டைப் பக்கம் பம்பை அடிக்கும் குழுக்களைப் பற்றியும், ஃபோனிலேயே பீட் போட்டு ராப் எழுதும் பாலிடெக்னிக் மாணவர்களைப் பற்றியும் அப்படித்தான். தூரத்து இசைக்கு இணையம் இருக்கிறது. பக்கத்து இசைக்குத்தான் பத்திரிகை வேண்டியிருக்கிறது.

அந்தப் பத்திரிகையை நீங்களே கொண்டுவருவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். இலக்கைச் சிறியதாக வைத்துக்கொள்வோம்: ஏ5 அளவு, உள்ளே 24 பக்கம், தனி அட்டை, கறுப்பு வெள்ளை, ஜெராக்ஸ், 100 பிரதி. இரண்டு பேர் இருந்தால் போதும். ஐந்து பேருக்கு மேல் போனால் பத்திரிகை வராது, வாட்ஸ்அப் குழுதான் நடக்கும்.

இதற்கு முன் செய்தவர்கள்

லண்டனில் 1976 ஜூலையில் மார்க் பெர்ரி என்ற வங்கி குமாஸ்தா 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற இதழைத் தொடங்கினார். தட்டச்சு செய்த தாள், தடித்த பேனாவில் கையால் எழுதிய தலைப்பு, ஜெராக்ஸ், ஸ்டேப்ளர். அவ்வளவுதான். பங்க் இசை பெரிய பத்திரிகைகளின் கண்ணில் சரியாகப் படுவதற்குள் இது அதை எழுத ஆரம்பித்துவிட்டது. 1977-லேயே நிறுத்தியும் விட்டார். அதே 1977-ன் தொடக்கத்தில் 'சைட்பர்ன்ஸ்' என்ற இன்னொரு இதழ், கிட்டாரின் மூன்று கார்டுகளை (சேர்த்து மீட்டும் சுரக்கூட்டுகளை) கையால் வரைந்து, இது போதும், போய் ஒரு குழு தொடங்கு என்கிற தொனியில் ஒரு பக்கம் போட்டது. இன்றும் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1982-ல் அச்சுக்கு வந்த 'மேக்சிமம் ராக்அண்ட்ரோல்' ஒரு நல்ல பழக்கத்தை வளர்த்தது. ஒவ்வோர் ஊரிலிருந்தும் வாசகர்களே தங்கள் ஊரில் யார் வாசிக்கிறார்கள், எங்கே கச்சேரி நடக்கிறது என்று அறிக்கை எழுதி அனுப்புவார்கள். அச்சில் மாதாமாதம் வருவது 2019-ல் நின்றது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்'. இந்திய ராக் குழுக்களுக்கென்று 1993-ல் அமித் சைகல் தொடங்கியது. எந்த ஊரில்? மும்பையில் இல்லை, பெங்களூரில் இல்லை, அலகாபாத்தில். பெருநகரத்தில் இருந்தால்தான் இதெல்லாம் முடியும் என்று யாராவது சொன்னால் இந்த ஒரு பெயரைச் சொல்லுங்கள்.

சேலத்துக்கும் சொந்தமாக ஒரு பரம்பரை உண்டு. கவிஞர் சி. மணி பின்னால் நிற்க, 'நடை' என்ற சிறுபத்திரிகை 1968-ல் இங்கிருந்துதான் புறப்பட்டது. சில இதழ்கள்தான் வந்தன. ஆனாலும் புதுக்கவிதையின் வரலாற்றை எழுதுகிற யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. குறைந்த பிரதி, கைக்காசு, நண்பர்கள் வழியாக விநியோகம், மாற்றிதழ் (ஒருவர் இதழுக்கு மற்றவர் இதழ்) அனுப்பிக்கொள்வது என்று மேற்கே ரசிகர்களே நடத்தும் ஃபேன்சின் என்ற பெயரில் நடந்த எல்லாவற்றையும் தமிழ்ச் சிறுபத்திரிகைக்காரர்களும் செய்திருக்கிறார்கள். அதில் பெரும்பாலும் இலக்கியம் இருந்தது, மேடை இசைக்கு இடம் குறைவாக இருந்தது. அந்த இடத்தைத்தான் நாம் நிரப்பப்போகிறோம்.

படி 1: எல்லை போடுங்கள்

காலையில் பஸ் ஏறிப் போய், கச்சேரி பார்த்துவிட்டு, இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய தூரம்தான் உங்கள் பத்திரிகையின் எல்லை. சேலம் நகரம், ஏற்காடு, ஓமலூர், மேட்டூர், வாழப்பாடி, ஆத்தூர், வேண்டுமானால் ராசிபுரம். இதற்கு வெளியே நார்வே பிளாக் மெட்டல் உங்கள் உயிராகவே இருந்தாலும் முதல் இதழில் அதற்கு அரைப் பக்கம் போதும்.

அடுத்தது, எது மாற்று இசை என்ற கேள்வி. இதில் நண்பர்களுக்குள் சண்டை வரும், வரட்டும். என் கருத்து இது: கிட்டாரில் டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பு இருப்பதால் மட்டும் ஒரு குழு அண்டர்கிரவுண்ட் ஆகிவிடாது. ஊடகம் கண்டுகொள்ளாமல், கேட்பவர்கள் தாங்களே தேடி வந்து கேட்கும் இசை எதுவும் இந்தப் பத்திரிகைக்குள் வரலாம். 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு கானாவையும் ராப்பையும் ராக்கையும் பறையையும் ஒரே மேடையில் நிறுத்திக் காட்டியது. அதற்குப் பிறகும் நாம் மேற்கத்திய வாத்தியம் ஒரு பக்கம், கோயில் வாத்தியம் ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. தெருக்கூத்தில் முகவீணை ஊதுபவரும், கல்லூரி கல்ச்சுரல்ஸில் பாஸ் கிட்டார் வாசிப்பவரும் பக்கத்துப் பக்கத்துப் பக்கங்களில் இருக்கலாம்.

ஆட்களைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. மைக் செட்காரர்களிடம் போங்கள். ஊரில் யார் வாசிக்கிறார்கள், யார் நேரத்துக்கு வருவார்கள், எந்தக் குழு உடைந்து இரண்டாகிவிட்டது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. அடுத்ததாக வாத்தியம் பழுது பார்ப்பவர்கள், தோல் கட்டுபவர்கள். அப்புறம் ஒரு காலத்தில் கேசட் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவர்கள். பலர் இப்போது செல்போன் கடை வைத்திருப்பார்கள், ஆனால் பரணில் ஒரு பெட்டி கேசட் இருக்கும். அந்தப் பெட்டியே ஒரு முழு இதழுக்கான விஷயம்.

படி 2: போய்க் கேளுங்கள்

கச்சேரிக்குப் போகும்போது சின்ன நோட்டு, இரண்டு பேனா, பவர் பேங்க். ஃபோனில் ஒரு பாட்டை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். முழுக் கச்சேரியையும் திரை வழியாகப் பார்த்தால் எழுத ஒன்றும் மிஞ்சாது. குறித்துக்கொள்ள வேண்டியவை: எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை பேர் இருந்தார்கள், எந்தப் பாட்டுக்குக் கூட்டம் அசைந்தது, எங்கே ஒலி கெட்டது, கரன்ட் போனபோது டிரம்மர் என்ன செய்தார். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அதனால் கடைசியாக மேடையேறும் குழுவின் நேரம் எப்போதும் வெட்டுப்படும். பெரும்பாலும் அது உள்ளூர்க் குழுவாகத்தான் இருக்கும். அதைக் கவனித்து எழுதுவதே ஒரு செய்தி.

திருவிழா இசைக்குப் போகிறவர்கள் ஆடி மாதத்தைத் தவறவிடக் கூடாது. கோட்டை மாரியம்மன் பண்டிகையை ஒட்டி ஊர் முழுக்க மேளம்தான். குகையில் வேஷம் கட்டியவர்கள் வண்டியில் வரும் வண்டி வேடிக்கை பார்க்கப் போகும் கூட்டம் வேஷத்தைத்தான் பார்க்கும், நீங்கள் வாத்தியத்தைப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு பம்பைகளில் எது எப்போது பேசுகிறது, தாளம் எங்கே முறுக்கேறுகிறது, ஆள் மாறும்போது நடை எப்படி மாறுகிறது என்று ஒரு மணி நேரம் நின்று கேட்டால், நல்ல டிரம்மர் யார் என்ற உங்கள் கருத்தே மாறிவிடும்.

படி 3: பேட்டி

இதழின் முதுகெலும்பு பேட்டிதான். எட்டுப் பக்கம் தாராளமாகக் கொடுக்கலாம்.

முதலில் இடம். டீக்கடையில் பேசலாம், ஆனால் பதிவு செய்யாதீர்கள். தட்டுவடை செட் கடை வேண்டவே வேண்டாம். பின்னால் கேட்டால் பேச்சை விட நொறுக்கும் சத்தம்தான் அதிகம் இருக்கும். அவர்கள் ஒத்திகை பார்க்கும் இடத்துக்கே போவது நல்லது. வாத்தியம் பக்கத்தில் இருந்தால் வாயால் விளக்க முடியாததைக் கையால் வாசித்துக் காட்டுவார்கள். அந்தச் சில நொடிகளில் கட்டுரைக்கு வழி கிடைத்துவிடும்.

அடுத்து கேள்வி. 'உங்களுக்கு இன்ஸ்பிரேஷன் யார்' என்று தொடங்கினால் இளையராஜா, ரகுமான், அம்மா அப்பா என்ற பதில் தயாராக இருக்கும். காசைப் பற்றிக் கேளுங்கள், பொருளைப் பற்றிக் கேளுங்கள். இந்த ஆம்ப்ளிஃபையர் எங்கே வாங்கியது, யார் காசு? ஒத்திகைக்கு வாடகை எவ்வளவு? பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை மணிக்குக் கத்துவார்? கச்சேரிக்கு என்ன கொடுத்தார்கள், பஸ் காசு போக என்ன நின்றது? ஆறு மாதம் கச்சேரி இல்லாதபோது என்ன வேலை? வெள்ளிப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே ராத்திரியில் பாட்டு எழுதுகிறேன் என்று ஒருவர் சொன்னால் பேட்டி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வயதில் மூத்த கலைஞர்களிடம் போகும்போது 'ஐயா', 'அம்மா' என்று பேசுங்கள். இந்த ஊர்ப் பக்கம் 'அண்ணா'வும் எடுபடும். அவருடைய வாத்தியத்தை அவர் என்ன பெயரில் சொல்கிறாரோ அதே பெயரில் எழுதுங்கள். சாதி விவரம் அவராக எடுத்துப் பேசினால் மட்டும், அவர் சொன்ன விதத்திலேயே வரட்டும். கலைஞர்களை 'அழிந்துவரும் கலையின் கடைசி வாரிசு' என்று எழுதும் நோய் நம் பத்திரிகைகளுக்கு நெடுநாளாக உண்டு. அவர் போன வாரம் மூன்று ஊரில் வாசித்துவிட்டு வந்திருப்பார். அதைக் கேட்டு எழுதுங்கள்.

பதிவைத் தொடங்குமுன் அனுமதி கேளுங்கள். எழுதிய பிறகு ஊர்ப் பெயர், ஆள் பெயர், ஆண்டு, தொகை ஆகியவற்றை மட்டும் ஃபோனில் படித்துக் காட்டிச் சரிபாருங்கள். முழுக் கட்டுரையையும் அனுப்பித் திருத்தம் கேட்டால் அது பேட்டியாக இருக்காது, அவர்களுடைய நோட்டீஸாக மாறிவிடும். ஏற்காட்டில் பள்ளி மாணவர்களின் குழுவைப் பற்றி எழுதினால் பெற்றோரிடம் கேட்காமல் படம் போடக் கூடாது.

படி 4: விமர்சனம்

இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'மனதை மயக்கும் இசை', 'வேற லெவல்', 'புல்லரிக்க வைக்கிறது' என்று எழுதினால் எந்தப் பாட்டுக்கும் பொருந்தும். எந்தப் பாட்டுக்கும் பொருந்தும் வரியை அடித்துவிடுங்கள்.

நான் சொல்லும் முறை: முதல் தடவை எதுவும் எழுதாமல் கேளுங்கள். இரண்டாம் தடவை ஒரே ஒரு வாத்தியத்தை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். மூன்றாம் தடவை பாடல் வரிக்கு. அதன் பிறகு உங்கள் ஊர்க் காதால் எழுதுங்கள். நிற்காமல் ஒரே கதியில் போகும் டிரம் மெஷினைச் சேலத்துக்காரருக்குச் சொல்ல, பொன்னம்மாபேட்டைத் தெருவில் கேட்கும் விசைத்தறிச் சத்தம் என்றால் போதும். ஜெர்மானிய எலக்ட்ரானிக் இசையின் வரலாறு தேவைப்படாது.

நண்பர்களின் குழுவாக இருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். திட்டுவதற்கும் அளவு இருக்கிறது: முதல் பாட்டை வெளியிடும் பத்தொன்பது வயதுப் பையனின் குரலைக் கிண்டலடிப்பதில் வீரம் எதுவும் இல்லை. ஒலிக்கலவையில் குரல் அடியில் போய்விட்டது, இரண்டாவது சரணம் தேவையில்லை என்று காரணத்தோடு சொன்னால் அவனே வந்து நன்றி சொல்வான். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பாடல் வரிகளை மேற்கோள் காட்டலாம். 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ம் பிரிவு, விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள்வதை அனுமதிக்கிறது. இரண்டு வரி, நான்கு வரி, அதைப் பற்றிய உங்கள் கருத்தோடு. முழுப் பாட்டையும் அச்சிட வேண்டுமென்றால் எழுதியவரிடம் அனுமதி வாங்குங்கள். புகைப்படத்துக்கு அதை எடுத்தவரிடம்.

படி 5: பக்கத் திட்டம்

ஒரு ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு ஏ5 பக்கம். ஆக, உள்பக்கம் 24 என்றால் 6 தாள், அட்டைக்கு இன்னொன்று. பக்க எண்ணிக்கை எப்போதும் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 22 பக்கத்துக்குத்தான் விஷயம் இருக்கிறது என்றால் இரண்டு பக்கம் படம் போடுங்கள்.

இனி எந்தப் பக்கம் எந்தத் தாளில் வரும்? ஒரே தாளின் ஒரே முகத்தில் வரும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் 25 வர வேண்டும். முதல் தாளின் வெளிமுகத்தில் இடப்பக்கம் 24, வலப்பக்கம் 1. அதன் உள்முகத்தில் இடம் 2, வலம் 23. அடுத்த தாளில் வெளியே 22-ம் 3-ம், உள்ளே 4-ம் 21-ம். இப்படியே போய் ஆறாவது தாளின் உள்முகத்தில் 12-ம் 13-ம் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த நடுப் பக்கங்கள் இரண்டும் ஒரே தாளில், இடைவெட்டு இல்லாமல் வருவதால் பெரிய படமோ கச்சேரிப் போஸ்டரோ போட அதைவிட நல்ல இடம் கிடையாது.

கணினியில் போவதற்கு முன் ஆறு வெற்றுத் தாளை மடித்து, பென்சிலால் பக்க எண் எழுதி, எங்கே என்ன வரும் என்று ஒரு டம்மி செய்துகொள்ளுங்கள். என் சிபாரிசு: 1-3 முன்னுரையும் உள்ளடக்கமும், 4-11 பேட்டி, 12-13 படம், 14-17 விமர்சனங்கள், 18-20 ஊர் அறிக்கை. மிச்சத்தில் ஒரு பக்கத்தை 'கற்றுக்கொள்' என்று ஒதுக்குங்கள். 'சைட்பர்ன்ஸ்' மூன்று கார்டு வரைந்தது போல, பம்பையின் ஓர் அடிப்படை நடையைச் சொற்கட்டில் (தாளத்தை வாயால் சொல்லும் எழுத்துகளில்) எழுதி, எந்தக் கை எங்கே என்று படம் போடுங்கள். இன்னொரு பக்கம் பயன் பட்டியல்: ஒத்திகைக்கு இடம் எங்கே கிடைக்கும், டிரம் செட் வாடகைக்கு எங்கே, தோல் எங்கே மாற்றுவார்கள். பத்திரிகையைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வைப்பது அந்தப் பக்கம்தான்.

படி 6: தட்டச்சும் எழுத்துருவும்

யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். முக்தா மலர், கேடமரன், மீரா இனிமை, நோட்டோ தமிழ் போன்ற எழுத்துருக்கள் இலவசம். உள்ளே 10 புள்ளி, வரி இடைவெளி 14. அதைவிடச் சின்னதாகப் போனால் ஜெராக்ஸில் சுழி அடைந்து 'ண'வும் 'ன'வும் ஒன்றாகிவிடும். தலைப்பைக் கையால் எழுதலாம், எழுத வேண்டும் என்றே சொல்வேன். நல்ல கையெழுத்து உள்ள ஒருவர் எல்லா நண்பர் குழுவிலும் இருப்பார்.

பக்க அமைப்புக்கு லிப்ரே ஆபிஸ் ரைட்டர் போதும். அச்சிடும் பெட்டியில் 'புரோஷர்' என்ற தேர்வைக் கொடுத்தால் மேலே சொன்ன 25 கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். டிடிபி கடையில் கொடுத்தால் ஒரு சிக்கல் வரலாம். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளில் வேலை செய்யும் கடைகளில் யூனிகோடு உட்காராது, கொம்பு ஓர் இடத்திலும் கால் ஓர் இடத்திலுமாகச் சிதறும். அதனால் கோப்பைக் கொடுக்காதீர்கள், எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். கொடுத்த பிறகு 'கொ', 'ஸ்ரீ', 'க்ஷ' வரும் இடங்களைக் கடைக்காரரின் திரையில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

படங்களை முதலில் கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்டைத் தாராளமாக ஏற்றுங்கள். ஃபோனில் அழகாகத் தெரியும் மங்கல் சாம்பல் எல்லாம் ஜெராக்ஸில் கரியாகிவிடும். படத்தைப் புள்ளிகளாக மாற்றும் ஹாஃப்டோன் முறையில் போட்டால் முகம் தெரியும், பழைய பங்க் இதழ்களின் சாயலும் இலவசமாக வரும். பக்கம் முழுக்கக் கறுப்பாக நிரப்பாதீர்கள், கோடு கோடாக விழும். நான்கு பக்கமும் 10 மி.மீ. ஓரம் விடுங்கள். மடிக்கும்போது உள்தாள்கள் சற்று வெளியே தள்ளும், அதை வெட்டிச் சமப்படுத்த இடம் வேண்டும்.

படி 7: ஜெராக்ஸ் கடை

கல்லூரிகளைச் சுற்றியுள்ள கடைகளில் விலை போட்டி இருக்கும். மொத்தமாகக் கொடுத்தால் பேசலாம். ஆனால் செமஸ்டர் முடியும் காலத்தில் ப்ராஜெக்ட் பைண்டிங் கூட்டம் இருக்கும், உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மதியம் இரண்டு மணிக்குப் போங்கள்.

முதலில் ஒரே ஒரு பிரதி. 'பேக் டு பேக், ஷார்ட் எட்ஜ்' என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கம் தலைகீழாக விழும். மடித்து, 1 முதல் 24 வரை புரட்டிப் பார்த்து, எல்லாம் நேராக இருந்த பிறகு மிச்சம் 99. மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்திருந்தால் இரண்டாம் முகம் அடிக்கும்போது சுருங்கி மாட்டிக்கொள்ளும். அன்று பிரித்த புதுக் கட்டைப் போடச் சொல்லுங்கள்.

100, 200 பிரதிக்கு ஜெராக்ஸ்தான். ஆஃப்செட்டில் பிளேட் செலவு முதலிலேயே மொத்தமாக வந்துவிடும், அது பரவிக் குறைய சில நூறு பிரதி வேண்டும். அந்த நிலைக்கு வந்தபின் அச்சகம் போவதென்றால் முகூர்த்த மாதங்களைத் தவிருங்கள். தை, வைகாசி, ஆவணியில் கல்யாணப் பத்திரிகை. ஆடியில் கல்யாணம் இல்லை என்று நினைத்துப் போனால், சேலத்தில் ஆடி என்பது மாரியம்மன் பண்டிகை நோட்டீஸ் காலம். புரட்டாசியும் மார்கழியும்தான் ஓய்வு.

மடிப்பதற்கு ஒரு ஸ்டீல் ஸ்பூனின் முதுகு போதும். மடிப்பை அழுத்தித் தேய்த்தால் கூர்மையாக நிற்கும். ஆறு தாளையும் அட்டையையும் சேர்த்து ஒன்றாக மடிக்காமல், மூன்று மூன்றாக மடித்து உள்ளே செருகுங்கள். நீண்ட கை ஸ்டேப்ளர் கடையிலேயே இருந்தால் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் சாதாரண ஸ்டேப்ளரைத் திறந்து, அடியில் தெர்மோகோல் வைத்து, முதுகுப் பக்கமிருந்து இரண்டு பின் குத்தி, உள்ளே கையால் மடக்கலாம். பின்னின் கால்கள் நடுப்பக்கத்தில் இருக்க வேண்டும், வெளியே இருந்தால் விரலைக் கிழிக்கும்.

படி 8: கணக்கு

கணக்கைக் கையாலேயே போடலாம். ஒரு முகத்துக்கு 1 ரூபாய் என்று வைத்தால் 6 தாளுக்கு 12 ரூபாய். கலர் தாளில் அட்டை 5 ரூபாய், ஸ்டேப்ளர் பின், சில்லறை எல்லாம் 1. ஆக 18. 100 பிரதிக்கு 1,800. விலை 30 வைத்தால் 60 பிரதி நேரில் விற்றதும் போட்ட காசு வந்துவிடும். 20 பிரதியைப் பேட்டி கொடுத்தவர்கள், எழுதியவர்கள், மாற்றிதழ்க்காரர்கள், நூலகங்கள் என்று இலவசமாகக் கொடுக்கத்தான் வேண்டும். மிச்சம் 20-ல் வருவது அடுத்த இதழின் ஜெராக்ஸுக்கு முன்பணம். உங்கள் கடையின் விலையைப் போட்டு இதே கணக்கைத் திரும்பச் செய்யுங்கள்.

தபாலுக்கு எடை முக்கியம். 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று சுமார் 5 கிராம். ஆறு தாள் 30 கிராம், அட்டையும் உறையும் சேர்த்தால் ஐம்பதை நெருங்கும். அட்டையைத் தடிமனாக்க ஆசை வருவதற்கு முன் ஒரு மாதிரிப் பிரதியைத் தபால் நிலையத்தில் எடைபோட்டுப் பாருங்கள்.

விளம்பரம் வாங்கலாமா? வாத்தியக் கடை, மைக் செட், டீக்கடை என்றால் வாங்கலாம். விமர்சனத்துக்குக் குழுக்களிடம் காசு வாங்கினால் அன்றோடு பத்திரிகை முடிந்தது.

படி 9: சட்டம்

பழைய சிறுபத்திரிகைகளின் கடைசிப் பக்கத்தில் 'தனிச்சுற்றுக்கு' என்று இருக்கும். பலரும் அதை மந்திரம் போல் நினைக்கிறார்கள், அப்படி எந்தச் சக்தியும் அதற்குக் கிடையாது. 1867-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023-ம் ஆண்டுப் பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறிப்பிட்ட கால இடைவெளியில் அச்சாகி, பொதுச் செய்தியையோ அதன் மீதான கருத்தையோ தாங்கி வரும் இதழ்கள் அதன்படி பதிவு செய்ய வேண்டும். விண்ணப்பம் இப்போது ஆன்லைனில். எனவே முதல் இதழில் ஆசைப்பட்டு 'மாத இதழ்' என்று போட்டுவிடாதீர்கள். தனி வெளியீடாக விடுங்கள். தொடர்ந்து நடத்துவது என்று முடிவெடுத்த அன்று பதிவு வேலையைத் தொடங்குங்கள்.

கடைசிப் பக்கத்தில் வெளியிடுபவர் பெயர், ஊர், மாதம், ஆண்டு, அச்சிட்ட இடம் கட்டாயம் இருக்கட்டும். ஆண்டு போடாத இதழைப் பத்து வருடம் கழித்துக் கையில் எடுப்பவர் உங்களைச் சபிப்பார். கச்சேரி ஏற்பாட்டாளர் காசு தரவில்லை என்று ஒரு குழு சொன்னால், அந்த ஏற்பாட்டாளரையும் கேட்டு அவர் பதிலையும் போடாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். அவதூறு வழக்குக்கு 100 பிரதியும் போதும்.

படி 10: கொண்டுபோய்ச் சேர்ப்பது

கச்சேரி நடக்கும் இடத்தின் வாசல்தான் முதல் கடை. உள்ளே போகும்போது யாரும் வாங்க மாட்டார்கள், முடிந்து வெளியே வரும்போது வாங்குவார்கள். அடுத்தது வாத்தியக் கடைகள், இசை வகுப்புகள், பழைய புத்தகக் கடைகள், மாவட்டப் புத்தகத் திருவிழாவில் தெரிந்த பதிப்பாளரின் ஸ்டாலில் ஒரு மூலை. கடையில் வைத்தால் கழிவு கேட்பார்கள். மூன்றில் ஒரு பங்கு வரை கொடுக்கலாம். எந்தக் கடையில் எத்தனை என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஏற்காட்டுக்கு ஒரு தனி நாள் ஒதுக்குங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போவது விற்பனைக்கு மட்டும் என்றால் கட்டுப்படியாகாது. ஆனால் மேலே வேறொரு உலகம் இருக்கிறது. மிஷன் பள்ளிகளின் பாடகர் குழு வழியாகக் கிட்டாரும் பியானோவும் பழகியவர்கள், எஸ்டேட் பக்கத்து மலைக் கிராமங்களில் பண்டிகைக்கு வாசிப்பவர்கள், சீசனில் ரிசார்ட்டுகளில் பாடப் போகிறவர்கள். மே மாதத்தில் கோடை விழாவும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் இருப்பதால் அப்போது போனால் ஒரே பயணத்தில் இரண்டாவது இதழுக்கான பாதி விஷயம் கிடைத்துவிடும். கொண்டுபோகும் பிரதிகளை பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். மலையின் மூடுபனியில் தாள் சுருளும், பின் துருப்பிடிக்கும்.

இணையத்தில் பிடிஎஃப் போடலாமா என்று கேட்பார்கள். போடுங்கள், ஆனால் பிரதி தீர்ந்த பிறகு.

எடுத்து வைக்க வேண்டியவை

இலவசத்துக்கு ஒதுக்கிய 20-ல் ஐந்து பிரதியைத் தனியே வையுங்கள். இரண்டு உங்களிடம். ஒன்று சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு, ஒன்று கன்னிமாரா நூலகத்துக்கு, ஒன்று உங்கள் ஊர்ப் பொது நூலகத்துக்கு, ஒரு சின்னக் கடிதத்தோடு. மூலக் கோப்பு, பேட்டிகளின் ஒலிப்பதிவு, படங்கள் எல்லாவற்றையும் இதழ் எண் போட்ட ஒரே ஃபோல்டரில் இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஒலிப்பதிவின் பெயரில் ஆள், ஊர், தேதி மூன்றும் இருக்க வேண்டும். ஒரு பிரதியைப் பேட்டி கொடுத்தவரின் வீட்டுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். வாசலில் பேசும்போது, பேட்டியில் சொல்லாமல் விட்ட ஒரு பெயரைச் சொல்வார். அந்த ஆளின் ஃபோன் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டாவது இதழின் பேட்டி அவருடன்தான்.